தராசு இல்லாத வீட்டில் பாஸ்தாவை அளக்க எந்த முறை சரிப்படும்?

நாலு பேருக்குப் பாஸ்தா வேகவைக்கும்போது ஆளுக்கு 20 கிராம் கூடிப்போனால் தட்டில் அது தெரியாது. பாத்திரத்தில் தெரியும். மொத்தம் 80 கிராம், அதாவது இன்னோர் ஆளின் சாப்பாடு முழுதாக மிஞ்சி நிற்கும். சோறு மிஞ்சினால் பழையது, எலுமிச்சை சாதம், வடகம் என்று பல வழி உண்டு. மிஞ்சிய பாஸ்தாவுக்கு அத்தனை வழி கிடையாது. சாஸை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, மறுநாள் சூடுபண்ணும்போது குழைந்துவிடும். குறைந்துபோனாலும் சங்கடம்தான். அடுப்பில் கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்ட பிறகு இன்னொரு பிடி வேகவைக்க முடியாது.

பாஸ்தாவில் கண்ணளவு தவறுவதற்கு முக்கியக் காரணம் நம் கை அரிசிக்குப் பழகியிருப்பது. எலக்ட்ரிக் குக்கரோடு வரும் 180 மி.லி. கப்பில் அரிசி ஏறத்தாழ 150 கிராம் பிடிக்கும். அதே கப்பில் பென்னே என்ற குட்டைக் குழல் வடிவப் பாஸ்தா 65 கிராம்தான் பிடிக்கும். துண்டுகளுக்கு உள்ளேயும் இடையிலும் இருப்பது காற்று. அரிசி வெந்தால் மூன்று பங்காகப் பெருகும். பாஸ்தா இரண்டு பங்குக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஆகவே ஆளுக்கு அரை டம்ளர் என்ற அரிசிக் கணக்கைப் பென்னேக்குப் போட்டால் எல்லோரும் அரை வயிற்றோடு எழுந்திருப்பார்கள். அதற்குப் பயந்து அடுத்த முறை கை தாராளமாகப் போகும், பாதி மிஞ்சும்.

ஆளுக்கு எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அளக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எந்த எண்ணை அளக்கப்போகிறோம் என்று தெரிய வேண்டும். இத்தாலியின் உணவு வழிகாட்டி ஒருவருக்கு 80 கிராம் உலர்ந்த பாஸ்தா என்று சொல்கிறது. சூப்பில் போடுவதானால் அதில் பாதி. அமெரிக்கப் பாக்கெட்டுகளில் ஒரு பரிமாறல் 2 அவுன்ஸ், அதாவது 56 கிராம் என்று அச்சிட்டிருக்கும். அந்த 56 கிராம் பக்கத்தில் இறைச்சியோ ரொட்டியோ இருக்கும் தட்டுக்குத்தான் போதும். நம் வீடுகளில் இரவுக்குப் பாஸ்தா மட்டும்தான் என்றால் 80 கிராமை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. நல்ல பசிக்காரருக்கு 100, ஆரம்பப் பள்ளி வயதுக் குழந்தைக்கு 40 முதல் 50. கேரட், பீன்ஸ், குடைமிளகாய், பனீர் என்று நிறையப் போட்டுச் செய்கிறவர்கள் பெரியவர்களுக்கும் 70 கிராமில் நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த எண்கள் எல்லாமே வேகாத எடை. வெந்த எடையை அளவுகோலாக வைக்காதீர்கள். 80 கிராம் பாஸ்தா, கடிக்கும்போது நடுவில் லேசான உறுதி இருக்கும் பதத்தில் வடித்தால் 170, 180 கிராம் இருக்கும். இன்னும் நாலு நிமிடம் விட்டால் 200 தாண்டும். கூடியது தண்ணீர்தான்.

பாக்கெட்டே ஒரு தராசு

தராசு இல்லை என்கிற வீட்டிலும் சரியாக நிறுக்கப்பட்ட பொருள் ஒன்று இருக்கிறது: பிரிக்காத பாக்கெட். இந்தியாவின் எடை அளவுச் சட்ட விதிகளின்படி 500 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட்டில் அதிகபட்சம் 15 கிராம்தான் பிசகலாம். ஐரோப்பாவிலும் இதே அளவுதான். அது 3 சதவீதம். டம்ளர், கைப்பிடி, நாணயம் எதுவும் இந்தத் துல்லியத்துக்குக் கிட்டே வராது. எனவே கீழே வரும் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதை ஒரே ஒரு முறை முழு பாக்கெட்டோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். ஒத்துப் பார்க்காத டம்ளரும் வெறும் கண்ணளவும் ஒன்றுதான்.

பாக்கெட்டை நேரடியாகப் பங்கு போடுவதே பல வீடுகளுக்குப் போதும். 500 கிராமை ஆறாகப் பிரித்தால் பங்குக்கு 83 கிராம் வருகிறது. மூன்று பேர் வீட்டுக்கு அரை பாக்கெட், ஆறு பேருக்கு முழுப் பாக்கெட். இந்த இரண்டு வீடுகளும் வேறு முறையைத் தேடவே வேண்டாம். நாலு பேருக்கு மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு பாக்கெட் வாங்கினால் மூன்று வேளை. இரண்டு பேருக்கு மூன்றில் ஒரு பங்கு, ஒரு பாக்கெட்டில் மூன்று வேளை. 400 கிராம் பாக்கெட் என்றால் இன்னும் சுலபம்: ஐந்து பங்கு, பங்குக்குச் சரியாக 80.

பங்கு போடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் இரண்டாகப் பிரித்து, இரண்டு குவியலையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஆறு குவியல் போட்டால் கடைசிக் குவியல் எப்போதும் மெலிந்து நிற்கும். அகலமான தாம்பாளத்தில் பரப்பி, கை விரலால் கோடு கிழித்துப் பிரித்தால் குவித்துப் பிரிப்பதைவிடச் சமமாக வரும். குவியலின் உயரத்தைக் கண் சரியாக எடைபோடாது; பரப்பை ஓரளவு எடைபோடும்.

இதன் குறை ஒன்றுதான். பாக்கெட் பாதி தீர்ந்து, மீதி எவ்வளவு என்று மறந்துபோன நாளில் இந்த முறை உதவாது. வாங்கி வந்த அன்றே பிரித்துச் சின்ன உறைகளில் போட்டுவைக்கும் பொறுமை இருக்கிறவர்களுக்குத்தான் இது முழுப் பலன் தரும்.

கூடு கூடாகச் சுருட்டி வரும் டாலியதெல்லே, தகடாக வரும் லசான்யா இரண்டுக்கும் எண்ணிக்கையே அளவு. பாக்கெட்டில் எத்தனை கூடு என்று எண்ணி, எடையை அதால் வகுத்தால் முடிந்தது. உடைந்த தூள் அடியில் அதிகம் இருந்தால் அதையும் ஒரு கூடாகக் கணக்கில் சேருங்கள்.

ஸ்பாகெட்டிக்கு: கட்டின் சுற்றளவு

நீள இழைகளை டம்ளரில் அளக்க முடியாது. ஆனால் எல்லா இழையும் ஒரே நீளம் என்பதால், கட்டின் தடிமனே எடையைச் சொல்லிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டால் போதும்: எடை, விட்டத்தோடு நேராக ஏறாது, விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். இரண்டு பேருக்கு என்று கட்டை இரண்டு மடங்கு தடிமனாகப் பிடித்தால் அது நாலு பேருக்கான பாஸ்தா. ஸ்பாகெட்டி எப்போதும் மலைபோல் மிஞ்சுவது இதனால்தான். இரண்டு பேருக்குத் தேவை 1.4 மடங்கு தடிமன் மட்டுமே.

வழக்கமான 25, 26 செ.மீ. நீள ஸ்பாகெட்டியில் 80 கிராம் கட்டை நன்றாக இறுக்கிப் பிடித்தால் விட்டம் சுமார் 2 செ.மீ. இருக்கும், சுற்றளவு 6.2 செ.மீ. அளவில் வரும். இரண்டு பேருக்கு 8.8, மூன்று பேருக்கு 10.7, நாலு பேருக்கு 12.4 செ.மீ. விட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்பது கஷ்டம்; சுற்றளவைத் தையல் டேப்பாலோ நூலாலோ சுற்றி அளப்பது சுலபம். ஒரு நூலில் இந்த நாலு இடங்களிலும் பேனாவால் புள்ளி வைத்து, சமையலறை ஆணியில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் கைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள நல்ல வழி ஒன்று உண்டு. பிரிக்காத 500 கிராம் பாக்கெட்டைத் திறந்து, மொத்த ஸ்பாகெட்டியையும் ஒரே கட்டாக இறுக்கிப் பிடித்து டேப்பால் சுற்றளவு எடுங்கள். அதை 2.45 ஆல் வகுத்தால் ஆறில் ஒரு பங்கின் சுற்றளவு கிடைக்கும். உதாரணத்துக்கு முழுக் கட்டு 15.5 செ.மீ. வந்தால் ஓர் ஆளுக்கு 6.3 செ.மீ. மூன்றில் ஒரு பங்குக்கு 1.73 ஆலும், பாதிக்கு 1.41 ஆலும் வகுக்க வேண்டும்: 9 செ.மீ., 11 செ.மீ. உங்கள் கையின் இறுக்கம் முழுக் கட்டிலும் சின்னக் கட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் பிசகு பெரும்பாலும் கழிந்துவிடும். தராசில்லாத முறைகளில் ஸ்பாகெட்டிக்கு இதைவிட நம்பகமானது வேறில்லை.

நாணயத்தை வைத்துப் பார்ப்பது இதன் சுருக்கு வழி. 2019ல் வந்த தானிய வரிசை 1 ரூபாய் நாணயம் 20 மி.மீ. விட்டம், கட்டின் முனை அந்த அளவு இருந்தால் ஓர் ஆளுக்குச் சரி. 10 ரூபாய் நாணயம் 27 மி.மீ.; அது இரண்டு பேருக்குக் கிட்டத்தட்ட சரி, 150 கிராமுக்குப் பக்கத்தில் வரும். கவனிக்க வேண்டியது, 2011 வரிசையின் 1 ரூபாய் நாணயம் 22 மி.மீ. அந்த 2 மி.மீ. வித்தியாசமே ஆளுக்கு 15 கிராமுக்கு மேல் கூட்டிவிடும். நாணயத்தைக் கட்டின் முனையில் ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நேராகப் பார்க்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் நாணயம் பெரிதாகத் தெரியும், கட்டு தடித்துப்போகும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் ஊர் நாணயத்தைத் தேடி அலைய வேண்டாம், நூலே போதும்.

கட்டு முறையில் தவறு நுழையும் இடங்கள் மூன்று. முதலாவது, தளர்வான பிடி. கட்டை மேசைமேல் நிமிர்த்தி இரண்டு தட்டுத் தட்டி, லேசாக முறுக்கி இறுக்கிய பிறகே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே சுற்றளவுக்குள் 15, 20 சதவீதம் காற்று புகுந்துவிடும். இரண்டாவது, நீளம். சிறிய பாத்திரத்துக்காக இழைகளை இரண்டாக உடைத்துப் போடுகிறவர்கள் உடைப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். உடைத்த கட்டை அளந்தால் பாதி எடைதான் வரும். மூன்றாவது, இழையின் வகை. மெல்லிய கப்பெல்லினிக்கும் தடித்த ஸ்பாகெட்டிக்கும் ஒரே சுற்றளவு பொருந்தும். இழை மெலிந்தால் எண்ணிக்கை கூடி ஈடுசெய்துவிடும். ஆனால் நடுவில் துளையுள்ள புக்காத்தினியில் அதே கட்டு எடை குறையும். அதற்கு 2.45 கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். லிங்குவினே, ஃபெட்டுச்சினே போன்ற தட்டை இழைகள் அடுக்கிக்கொள்ளும் விதம் வேறு என்பதால் அவற்றுக்கும் ஒரு முறை தனியாக எடுத்துவிடுவது நல்லது.

இழைகளை எண்ணுவதும் ஒரு முறைதான். 1.8 மி.மீ. தடிமன் இழை ஒன்று ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 85 இழை எண்ணினால் 80 கிராம். ஆனால் 1.6 மி.மீ. இழை 0.75 கிராம்தான், 107 எண்ண வேண்டிவரும். தினமும் செய்கிற காரியமில்லை. பாக்கெட் பாதி தீர்ந்துபோய் 2.45 கணக்குக்கு வழியில்லாத நாளில், ஒரு தடவை எண்ணி நூல் கட்டிக்கொள்ள உதவும்.

துளை வைத்த கருவிகள்

ஸ்பாகெட்டி அளப்பதற்கென்றே 1, 2, 3, 4 என்று எண் போட்ட துளைகள் உள்ள பலகை கிடைக்கிறது. வாங்குவதில் தவறில்லை, ஆனால் அது எந்த ஊர்க் கணக்கு என்பது முக்கியம். துளையின் விட்டத்தை அளந்து பாருங்கள்: 80 கிராம் கணக்கென்றால் துளைகள் 20, 28, 35, 40 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் துளையே 25 மி.மீ. இருந்தால் அது ஆளுக்கு 120 கிராமுக்கு மேல் கொடுக்கும். துளைகள் 20, 40, 60 என்று சம அளவில் ஏறினால் அந்தப் பலகை எதற்கும் உதவாது.

குளிர்பான பாட்டிலின் வாய் ஓரளவு நல்ல அளவுகோல். வழக்கமான பெட் பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 21, 22 மி.மீ.; அதற்குள் இறுக நுழையும் கட்டு 90 முதல் 100 கிராம். கழுத்துக்குக் கீழே வெட்டி, விளிம்பைத் தேய்த்து, கழுவிக் காயவைத்துக்கொண்டால் வளையம்போல் ஆகிவிடும். தண்ணீர் பாட்டில்களின் கழுத்து அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் அவற்றை எடுக்க வேண்டாம்.

பல்வைத்த ஸ்பாகெட்டிக் கரண்டியின் நடுத் துளை ஓர் ஆள் அளவு என்ற பேச்சு இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தத் துளையின் வேலை தண்ணீரை வடிப்பது. சில கரண்டிகளில் அளவு தற்செயலாகவோ, வேண்டுமென்றோ பொருந்தலாம். 20 மி.மீ. இல்லாவிட்டால் நம்ப வேண்டாம்.

குட்டை வகைகளுக்கு: டம்ளர்

பென்னே, மாக்கரோனி, ஃபுஸில்லி, ஃபார்ஃபல்லே போன்றவற்றுக்கு டம்ளர்தான் கைக்கு வரும் முதல் பொருள். இங்கே தவறுவது டம்ளரால் அல்ல, எல்லா வடிவத்துக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதால். 200 மி.லி. டம்ளரில் தலைதட்டி அளந்தால் சிறிய வளைந்த மாக்கரோனி 85 முதல் 95 கிராம் பிடிக்கும். பென்னே 65 முதல் 75. திருகிய ஃபுஸில்லி 60 முதல் 75. வண்ணத்துப்பூச்சி வடிவ ஃபார்ஃபல்லேயும் பெருங்குழல் ரிகத்தோனியும் 55 முதல் 65. ஆக, மாக்கரோனியில் ஆளுக்கு ஒரு டம்ளர் என்று பழகிய கை ஃபார்ஃபல்லேக்கும் அதையே போட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். குக்கரின் 180 மி.லி. கப் இருந்தால் மாக்கரோனிக்கு அது அழகாகப் பொருந்தும்: ஒரு கப், ஏறத்தாழ 80 கிராம், ஓர் ஆள். பென்னேக்கு ஒன்றேகால் கப்.

இந்த எண்களும் தோராயம்தான். ஒரே பெயரில் வரும் பென்னேயில்கூடக் குழலின் சுவர் தடிமனும் நீளமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே உங்கள் டம்ளரைப் பாக்கெட்டோடு ஒத்துப் பாருங்கள். புது பாக்கெட்டைத் திறந்து, தலைதட்டி எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணுங்கள். ஏழு வந்தால் டம்ளருக்கு 71 கிராம். ஆறரை வந்தால் 77. ஐந்தரை வந்தால் 91. டம்ளர் எத்தனை மி.லி. என்பது தெரியவே வேண்டாம். கிடைத்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி டப்பாவில் ஒட்டிவிடுங்கள். வடிவமோ நிறுவனமோ மாறினால் மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

அளக்கும் விதம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும், இதில் சலுகை கிடையாது. தலைதட்டுவது என்பதை நெல், அரிசி அளந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பாஸ்தா துண்டுகள் பெரியவை, கத்தியால் வழித்தால் விளிம்பில் நிற்கும் துண்டு பள்ளத்தை உண்டாக்கிவிட்டுப் போகும். விளிம்புக்கு மேல் பாதி உடம்பு நீட்டும் துண்டை எடுத்துவிடுங்கள், பாதிக்குக் குறைவாக நீட்டுவதை விட்டுவிடுங்கள். கோபுரமாகக் குவித்தால் 15 முதல் 25 சதவீதம் கூடும். டம்ளரைத் தரையில் தட்டித் தட்டி நிரப்பினால் துண்டுகள் இறங்கிப் படிந்து இன்னும் 10 சதவீதம் வரை கூடும். தட்டாமல், குலுக்காமல், அள்ளி ஊற்றுவது போல் நிரப்புவதே ஒரே சீராக வரும்.

சின்னப் பாத்திரம் பெரிய துண்டுகளுக்கு ஆகாது. 100 மி.லி. கப்பில் ரிகத்தோனி ஒழுங்காக உட்காரவே உட்காராது. சுவரோரம் இடைவெளி விட்டுச் சாய்ந்துகொள்ளும், ஒவ்வொரு தடவையும் ஓர் அளவு வரும். நாலு பேருக்கு அளப்பதானால் நாலு முறை சின்னக் கப்பில் அளப்பதைவிட ஒரு லிட்டர் பாத்திரத்தில் ஒரே தடவையாக அளப்பது சரியாக இருக்கும். பாக்கெட் அடியில் தங்கும் உடைந்த துண்டுகள் நெருக்கமாக அடங்கும் என்பதால் கடைசி டம்ளர் எப்போதும் கனமாகவே இருக்கும். முதலிலேயே பாக்கெட்டைத் தாம்பாளத்தில் கொட்டிக் கலந்துவிட்டால் இந்தப் பிசகு வராது.

ஜாடியில் கோடு

மாதம் முழுக்க ஒரே வடிவம், ஒரே நிறுவனம் என்று வாங்குகிற வீட்டுக்கு டம்ளரைவிட இது மேல். கண்ணாடி ஜாடியின் வெளிப்புறம் மேலிருந்து கீழாகக் காகித டேப் ஒட்டி, 500 கிராமையும் கொட்டி, மேற்பரப்பைச் சமன்செய்து கோடு போடுங்கள். அடியிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள உயரத்தை ஆறாகப் பிரித்துக் கோடுகள் போட்டால், ஒவ்வொரு கட்டமும் ஓர் ஆள். 10 செ.மீ. உள்விட்டமுள்ள ஜாடியில் 500 கிராம் பென்னே ஏறத்தாழ 18 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், கட்டத்துக்கு 3 செ.மீ. என்பது கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும் அளவு. அதே பென்னேயை அகலமான டப்பாவில் போட்டால் கட்டம் ஒரு சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும், துண்டு ஒன்று எழும்பி நின்றாலே அளவு தப்பும். எனவே குறுகலான, உயரமான, பக்கங்கள் நேரான ஜாடிதான் வேண்டும். கீழே குறுகி மேலே விரியும் ஜாடியில் சம உயரக் கோடு பொய் சொல்லும்.

எவ்வளவு மீதி இருக்கிறது என்பது எப்போதும் கண்ணெதிரில் இருப்பதுதான் இதன் பெரிய வசதி. கடைக்குப் போகும் முன் ஜாடியைப் பார்த்தாலே போதும். வடிவத்தை மாற்றினால் டேப்பைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும், பழையதன்மேல் புதிய பாக்கெட்டைக் கொட்டினால் கோடு செல்லாது.

கைப்பிடியும் கிண்ணமும்

இரண்டு கையையும் சேர்த்து அள்ளினால் ஓர் ஆளுக்கு ஆகும் என்பார்கள். அள்ளுகிறவர் யார், துண்டு எது என்பதைப் பொறுத்து அது 60 கிராமாகவும் இருக்கும், 100 ஆகவும் இருக்கும். ஒரே ஆள் சமைக்கிற, பாக்கெட்டுக்கு எத்தனை அள்ளு என்று ஒரு தடவை எண்ணிவைத்த வீட்டில் மட்டும் இது ஓடும்.

கிண்ண முறை இதைவிடக் கெட்டி. சாப்பிடப்போகும் கிண்ணத்தையே எடுத்து, அதில் பாதிக்கு வேகாத பென்னேயோ மாக்கரோனியோ போட்டால், வெந்தபின் அந்தக் கிண்ணம் நிரம்பும். கிராம் எதுவும் தெரியாது, ஆனால் தட்டில் எவ்வளவு விழப்போகிறது என்பது தெரியும். ஆளுக்கு ஆள் பசி மாறும் வீட்டில், அவரவர் கிண்ணத்தில் அவரவரே போட்டுக்கொடுக்கச் சொல்லலாம். குழந்தைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும், சிறிய கிண்ணம் தானே அளவைக் குறைத்துவிடும். சாஸும் காய்களும் வேறு இடம் பிடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துப் பாதிக் கிண்ணத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள்.

பாக்கெட் இல்லாதபோது: ஹேங்கர்

டப்பாவில் பாதி பாஸ்தா இருக்கிறது, பாக்கெட் போய்விட்டது, எந்த நிறுவனம் என்றும் தெரியாது. அப்போது ஒத்துப் பார்க்க எடை ஒன்று வேண்டும். தண்ணீர் மி.லி.க்கு ஒரு கிராம் என்பது அதற்கு உதவுகிறது. தோள் பக்கம் இரண்டிலும் பள்ளம் வைத்த பிளாஸ்டிக் துணி ஹேங்கரைக் கொக்கியில் தாராளமாக ஆடும்படி மாட்டுங்கள். ஒரே அளவிலான இரண்டு பாலிதீன் பைகளை இரு பள்ளத்திலும் தொங்கவிட்டு, காலியாக இருக்கும்போது சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஏறியிருக்கும் பக்கம் சிறு டேப் ஒட்டிச் சரிசெய்யுங்கள். ஒரு பையில் 80 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். இருமல் மருந்தோடு வரும் மூடியில் 10 மி.லி. கோடு இருக்கும், எட்டு மூடி. மற்றப் பையில் பாஸ்தாவைப் போட்டுக்கொண்டே போய், ஹேங்கர் நேரானதும் நிறுத்துங்கள். தண்ணீருக்குப் பதில் பத்து 10 ரூபாய் நாணயம் போட்டாலும் ஏறத்தாழ 77 கிராம் வரும்.

பொறுமையாகச் செய்தால் ஐந்து கிராம் பிசகுக்குள் வந்துவிடும். தினசரிச் சமையலுக்கு இது தோதுப்படாது. டம்ளரை ஒத்துப் பார்க்கவும், நூலுக்குப் புள்ளி வைக்கவும் ஒரு தடவை செய்தால் போதும்.

எந்த வீட்டுக்கு எது

மூன்று பேர் அல்லது ஆறு பேர் என்றால் பாக்கெட்டைப் பாதியாகவோ முழுதாகவோ போடுங்கள், வேறொன்றும் வேண்டாம். ஸ்பாகெட்டி அடிக்கடி செய்கிற வீட்டில் புள்ளி வைத்த நூல். குட்டை வகைகளில் ஒன்றையே எப்போதும் வாங்கினால் ஜாடிக் கோடு, வாரத்துக்கு ஒரு வடிவம் வாங்கினால் எண் ஒட்டிய டம்ளர். விடுதியிலோ தனி அறையிலோ ஒருவருக்குச் சமைத்துக்கொள்கிறவர்களுக்கு, வாங்கிய அன்றே ஆறு உறையாகப் பிரித்து வைப்பதைவிடச் சுலபமான வழி இல்லை. பசியோடு வந்து நிற்கும்போது அளக்கிற கை எப்போதும் தாராளமாகவே போகும்.

விருந்தாளிகள் வந்து பத்துப் பேருக்கு மேல் ஆகிவிட்டால் நூலையும் டம்ளரையும் ஒதுக்கிவிட்டுப் பாக்கெட்டாகவே கணக்குப் போடுங்கள். 500 கிராமுக்கு ஆறு பேர், குழந்தைகள் பாதி. பன்னிரண்டு பேருக்கு இரண்டு பாக்கெட். அந்த அளவுக்குத் தண்ணீரும் பாத்திரமும் இருக்கிறதா என்பதுதான் அப்போது பெரிய கேள்வி: இத்தாலிய வழக்கப்படி 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் வேண்டும். வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லாவிட்டால் இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரமாக வேகவையுங்கள். ஒன்றில் திணித்தால் தண்ணீர் ஆறிப்போய், பாஸ்தா வேகாமல் ஊறி ஒட்டிக்கொள்ளும்.

முட்டை சேர்த்து வீட்டிலேயே பிசைகிற பாஸ்தாவுக்கு இந்த முறைகள் எதுவும் பொருந்தாது. அதற்கு இத்தாலியின் எமிலியா-ரொமான்யா பகுதிக் கணக்கு ஒன்றுதான்: ஆளுக்கு ஒரு முட்டை, முட்டைக்கு 100 கிராம் மாவு. மாவை முழுக்கக் கொட்டாமல், முட்டை பிடிக்கிற அளவு சேர்த்துக்கொண்டே போனால் முட்டையே அளவைச் சொல்லிவிடும்.

ஒரு தரப்பினர் மட்டும் இவை எதையும் நம்பக்கூடாது. உணவின் மாவுச்சத்தைக் கிராம் கணக்கில் எண்ணி, அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள். 80 கிராம் பாஸ்தாவில் 56 முதல் 60 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. டம்ளர் 20 சதவீதம் பிசகினால் 11, 12 கிராம் மாவுச்சத்து மாறிப்போகும். ஊசியின் அளவில் அது பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம். அந்த வீட்டில் ஒரு சிறிய மின்னணுத் தராசு வாங்கியே ஆக வேண்டும், பாஸ்தாவை வேகாத நிலையில் ஆளுக்கு ஆள் தனியாக நிறுத்து, அவருக்கானதை வேறு பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும்.